அயன் போட்ட வாழைமரத் தாள்: இணைய ஏலத்தில் ஒரு குறைப் பின்னூட்டம் பற்றிய நிகழ்வு ஆய்வு

இங்கே ஆராயப்படுவது 310 ரிங்கிட் மதிப்புள்ள ஒரே ஒரு விற்பனையும், அதன்மேல் விழுந்த ஒரே ஒரு எதிர்மறைப் பின்னூட்டமும் ஆகும். இது நடந்தது 2018 ஜூன் மாதத்தில், மலேசியாவின் கோலசிலாங்கூர் மாவட்டத்தைச் சேர்ந்த பெஸ்தாரி ஜெயாவில். 2007-இல் அரசாங்கம் பெயரை மாற்றிவிட்டாலும் நாங்கள் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றுதான் சொல்கிறோம். தென்னமரம் என்று தமிழிலேயே பெயர் தாங்கிய தோட்டம் உள்ள வட்டாரம் இது. பால்மரம் எனப்படும் ரப்பர் போய்ச் செம்பனை வந்து இரண்டு தலைமுறை ஆகிவிட்டது.

விற்பவர் என் அக்கா மகன். படம் எடுப்பது, பொட்டலம் கட்டுவது, தபாலில் சேர்ப்பது எல்லாம் அவர் வேலை. நான் தோட்ட ஆபிசில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்றவன் ஆதலால் பொருளைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதுவதும், வாங்குபவருக்குப் பதில் எழுதுவதும், கணக்கு வைப்பதும் என் பொறுப்பு. இந்த வேலைப் பங்கீட்டைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடக் காரணம் உண்டு. நடந்த தவறு இரண்டு. ஒன்று அவருடையது, மற்றொன்று என்னுடையது. அவற்றுள் பெரியது என்னுடையது என்பதே என் கணிப்பு.

பொருள், ஜப்பானியர் ஆட்சியில் 1942-இல் வெளியான பத்து டாலர் தாள். குலையோடு நிற்கும் வாழைமரம் அதில் அச்சிட்டிருக்கும். மலாய்க்காரர்கள் பிசாங் காசு என்பார்கள், தோட்டத்தில் பெரியவர்கள் வாழைமரக் காசு என்பார்கள். 1945-இல் ஜப்பான் சரணடைந்ததும் அது வெறுங்காகிதமாயிற்று. பெட்டி பெட்டியாக வைத்திருந்தவர்கள் அடுப்பில் போட்டதாக எங்கள் வீட்டிலேயே பேச்சு உண்டு. இன்று பெரும்பாலான வாழைமரத் தாள்கள் சில ரிங்கிட்டுக்குக் கிடைக்கும். ஆனால் முதலில் வந்த தாள்களில் வரிசை எண் உண்டு, பிற்பாடு வந்தவற்றில் எழுத்துகள் மட்டுமே இருக்கும். எண் உள்ள தாளைச் சேகரிப்பாளர்கள் தேடுகிறார்கள். என் அம்மாவின் தகரப் பெட்டியில், சுருக்குப்பைக்குள் நான்காக மடித்தபடி கிடந்த தாள்களில் இரண்டில் எண் இருந்தது. அதில் ஒன்றைத்தான் ஏலத்தில் விட்டோம்.

விற்ற தளத்தின் பெயர் இந்த ஆய்வுக்குத் தேவையில்லை. அதன் விதிகள் பெரும்பாலும் இத்துறையின் முன்னோடியான ஈபே வகுத்த வழியிலேயே செல்பவை. ஆகவே பின்னூட்டம் என்னும் ஏற்பாடு எப்படி வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். 1995-இல் பியர் ஒமிடியார் அத்தளத்தைத் தொடங்கிய சில மாதங்களில், வாங்குபவர்களும் விற்பவர்களும் தங்கள் சச்சரவுகளை அவரிடமே கொண்டுவரலாயினர். பஞ்சாயத்து செய்ய அவருக்கு நேரம் இல்லை. ஒருவரைப் பற்றி மற்றவர் எல்லாரும் பார்க்கும்படி எழுதட்டும் என்று 1996-இல் பின்னூட்ட முறையைக் கொண்டுவந்தார். முதல் பன்னிரண்டு ஆண்டுகள் இரு தரப்பும் ஒருவரையொருவர் குறைகூறலாம். அதனால், நீ எனக்குக் கெட்டது எழுதினால் நானும் உனக்கு எழுதுவேன் என்ற பயத்திலேயே பலர் வாய்மூடி இருந்தனர். 2008 மே மாதம் முதல் விற்பவர் வாங்குபவருக்கு எதிர்மறைப் பின்னூட்டம் இட முடியாது என்று ஈபே மாற்றியது. விற்பவர்கள் கொதித்தார்கள். நானும் விற்பவன் என்றாலும் அந்த மாற்றம் சரியானதே என்று கருதுகிறேன். பணத்தை முதலில் கையைவிட்டு விடுபவர் வாங்குபவர், ஆகவே பேசும் உரிமையும் அவருக்கே கூடுதலாக இருக்க வேண்டும்.

இனி நிகழ்வுக்கு வருவோம். ஏலம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு 9 மணிக்கு முடிந்தது. லண்டனில் அப்போது பிற்பகல் 2 மணி, நியூயார்க்கில் காலை 9 மணி. இரு பக்கத்தாரும் விழித்திருக்கும் நேரம் என்று பார்த்து வைத்தது. கடைசி அரை நிமிடத்தில் மூவர் மாறி மாறிக் கேட்டு விலையை 140-லிருந்து 310 ரிங்கிட்டுக்கு ஏற்றினார்கள். எடுத்தவர் பிரிட்டனில் வசிக்கும் ஒரு சேகரிப்பாளர். ஒரு மணி நேரத்தில் பணம் வந்தது. மறுநாளே பதிவுத் தபாலில் அனுப்பினோம். பதினான்காம் நாள் அவருக்குச் சேர்ந்தது. பதினைந்தாம் நாள் விடியற்காலையில் எங்கள் பக்கத்தில் எதிர்மறையைக் குறிக்கும் சிவப்புப் புள்ளி விழுந்தது. "எக்ஸ்ட்ரீம்லி ஃபைன் அல்ல. அயன் போட்டு மறைத்த மடிப்புகள். நேர்மையில்லை." அதற்கு முன் எங்களுக்கு ஒரு வரிகூட எழுதவில்லை, புகாரும் பதியவில்லை.

காலையில் கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு வந்தார் அக்கா மகன்.

"மாமா, இந்த ஆளு அநியாயமா எழுதிட்டாரு. நான் என்ன தீய்ச்சா போட்டேன்? மேல வெள்ளத் துணி போட்டு, சூட்டக் கொறச்சு வெச்சுத்தான் தேய்ச்சேன்."

"எப்ப தம்பி அயன் போட்ட?"

"படம் எடுக்கறதுக்கு முன்னால. கசங்கி இருந்துச்சு லா. நல்லா தெரியணும்னுதான்."

எனக்கு அப்போதுதான் விஷயமே தெரிந்தது. அவரைத் திட்டுவதற்கு முன் நான் எழுதிய விவரணையை எடுத்துப் பார்த்தேன். என் தலையில் நானே கொட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. "எக்ஸ்ட்ரா ஃபைன் கண்டிஷன்" என்று எழுதியிருந்தேன். தோட்ட ஆபிஸ் ஆங்கிலத்தில் அதற்கு மிக நன்றாக இருக்கிறது என்று பொருள். காகிதப் பணம் சேகரிப்பவர்களிடம் அது எக்ஸ்ட்ரீம்லி ஃபைன் என்னும் ஒரு தரத்தின் பெயர். 1961-இல் தொடங்கிய பன்னாட்டு வங்கித்தாள் சங்கத்தின் வரையறைப்படி அந்தத் தரமுள்ள தாளில் மூன்று இலேசான மடிப்பு அல்லது ஒரே ஒரு அழுத்தமான மடிப்புத்தான் இருக்கலாம். அதைவிட வேடிக்கை, அதே வரிசையில் "குட்" என்பது நல்லது என்று பொருள்படாது. நைந்து, ஓரம் கிழிந்து, பலகாலம் கைமாறிய தாளுக்கு அந்தப் பெயர். அகராதி வேறு, சந்தை வேறு என்பதை முப்பது ஆண்டு கிராணி வேலையில் கற்காமல் ஒரு வாழைமரத் தாளில் கற்றேன்.

வாங்கியவர் சொன்னது சரியா என்று சோதிக்க வேண்டியிருந்தது. எங்களிடம் மிச்சமிருந்த, அயன் படாத மற்றொரு எண் தாளை மேசைமேல் வைத்து, விளக்கை அணைத்துவிட்டு, டார்ச் லைட்டைத் தாளின் மட்டத்துக்குச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தோம். நான்காக மடித்த கோட்டில் காகிதம் சின்ன மேடாக எழும்பி நின்றது, அதன் நிழல் மறுபக்கம் விழுந்தது. பிறகு அதே பெட்டியில் இருந்த மதிப்பில்லாத ஐந்து டாலர் தாள் ஒன்றை அவர் செய்தது போலவே துணி போட்டுத் தேய்க்கச் சொன்னேன். மேடு மறைந்தது, நிழலும் மறைந்தது. ஆனால் மடிப்பில் இழை முறிந்த வெள்ளைக் கோடு மறையவில்லை. மேற்பரப்பில் ஒரு மினுமினுப்பு வேறு ஏறியிருந்தது. காகிதத்துக்கே உரிய விறைப்பும் போய்விட்டது. தோட்டத்துப் பால் ஸ்டோரில், ரப்பர் பாலின் அடர்த்தியை அளக்கும் மெட்ரோலாக் கருவியை விட்டுப் பார்த்தால் தண்ணீர் கலந்த பால் தானாகக் காட்டிக்கொடுத்துவிடும், பால்வெட்டுக்காரர் எவ்வளவு சத்தியம் செய்தாலும் பலிக்காது. இங்கே அந்த மெட்ரோலாக் டார்ச் லைட்டுத்தான். தாளைச் சிறிது அறிந்த எவரும் அரை நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்.

எனவே இவரைக் கடினமான வாங்குநர் என்று வகைப்படுத்துவது தவறு. சொல்லில் கடுமை இருந்தது, முன்னறிவிப்பு இல்லை, அது உண்மை. ஆனால் குறை இருந்தது. என் கணக்குப் புத்தகத்தில் ஐந்து ஆண்டுச் சச்சரவுகளைப் புரட்டிப் பார்த்தால், கெடுமதியோடு வந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே. மற்றவர்கள் எல்லாரும் எங்கள் விவரணை விட்டுவைத்த இடைவெளியில் தங்கள் எதிர்பார்ப்பை ஊற்றியவர்கள். விவரணையின் இன்னொரு பகுதியும் இதற்குத் துணைபோயிற்று. தாளைப் பற்றி நான்கு வரியும், அம்மா பட்ட பாடு, ஜப்பானியர் சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடித்த கதை ஆகியவற்றைப் பற்றி இருபது வரியும் எழுதியிருந்தேன். "நான் வாங்கியது தாள், கதையல்ல" என்று அவர் பின்னர் ஒரு மடலில் எழுதினார். சுருக்கென்றது. ஆனால் மறுக்க முடியவில்லை.

நம் நாட்டுச் சட்டமும் அப்போது இதையே கேட்டது. 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2012-இல் வகுத்து 2013 ஜூலை 1-இல் நடப்புக்கு வந்த மின்வணிக விதிமுறைகள், விற்பவரின் பெயர், தொடர்பு விவரம், முழு விலை ஆகியவற்றோடு பொருளின் முக்கியத் தன்மைகளையும் வெளியிட வேண்டும் என்றன. அயன் போட்ட தாளில் அயன் போட்டது முக்கியத் தன்மை அல்ல என்று எந்த நடுவர் முன்னும் நான் வாதாட மாட்டேன்.

அக்கா மகன் அன்று காலையிலேயே ஒரு பதிலைத் தட்டச்சு செய்து வைத்திருந்தார். வேண்டாம் என்றால் திருப்பி அனுப்பியிருக்கலாமே, இப்படியா எழுதுவது என்ற தொனி. அதை அனுப்பாமல் ஓர் இரவு வைக்கச் சொன்னேன். பின்னூட்டத்தின் கீழே எழுதும் பதில் ஒரு தடவைதான் எழுத முடியும், பிறகு திருத்த முடியாது. ஈபேயில் நெடுங்காலம் அதற்கு 80 எழுத்துகளே இடம் தந்தார்கள். அந்தச் சின்ன இடத்தைப் படிப்பவர் குறை எழுதியவர் அல்லர். அவர் எழுதிவிட்டுப் போய்விட்டார். அடுத்த தாளுக்கு விலை கேட்கலாமா வேண்டாமா என்று தயங்கி நிற்பவர்தான் படிக்கிறார். அவருக்கு நம் கோபத்தால் என்ன பயன்?

மறுநாள் தளத்தின் மடல் பெட்டி வழியாகவே மூன்று வாக்கியங்கள் எழுதினேன். தாள் அயன் போடப்பட்டது உண்மை. தரத்தின் பெயரை நான் பிழையாகப் பயன்படுத்தினேன். தாளைத் திருப்பி அனுப்பினால் விலையும் இரு வழித் தபால் செலவும் தருகிறோம், வைத்துக்கொள்ள விரும்பினால் பாதி விலையைத் திருப்புகிறோம். பின்னூட்டம் என்ற சொல்லையே அந்த மடலில் சேர்க்கவில்லை. இதை நான் வற்புறுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் விற்பவர்களில் பலர் இங்கேதான் வழுக்குகிறார்கள். பணத்தையும் பின்னூட்டத்தையும் ஒரே மடலில் வைத்தால் அது நிவாரணமாக இல்லாமல் பேரமாகிவிடும். புள்ளியை எடுத்தால் பணம் என்று கேட்பது ஈபே போன்ற தளங்களில் விதிமீறல். வாங்கியவர் அந்த மடலைப் படம் பிடித்துப் புகார் கொடுத்தால், சிவப்புப் புள்ளி ஒன்றுடன் முடிய வேண்டியது கணக்கு முடக்கத்தில் போய் நிற்கும்.

அவர் தாளைத் திருப்பி அனுப்பினார். வந்து சேர்ந்த அன்றே 310 ரிங்கிட்டையும் இரு வழித் தபாலுக்கு 58 ரிங்கிட்டையும் திருப்பினோம். பணம் போய்ச் சேர்ந்த பிறகுதான், தளத்தில் அதற்கென உள்ள வசதியின் மூலம், பின்னூட்டத்தை மறுபரிசீலனை செய்யுமாறு ஒரு வேண்டுகோள் அனுப்பினோம். ஒரு விற்பனைக்கு ஒரு தடவைதான் கேட்கலாம், ஈபேயில் வாங்கியவருக்குப் பத்து நாள் அவகாசம் உண்டு. எங்கள் தளத்திலும் அவ்வாறே. பத்து நாளும் கழிந்தது, அவர் மாற்றவில்லை. அதற்குப் பதிலாகத் தம் பழைய வரியின் கீழே ஒரு தொடர் வரி சேர்த்தார்: "பணம் முழுதும் திரும்பியது, கேட்காமலே." சிவப்பு சிவப்பாகவே இருந்தது. அக்கா மகனுக்கு ஏமாற்றம். எனக்கு அந்தத் தொடர் வரியே போதுமானதாகப் பட்டது. அதன் கீழே நாங்கள் எழுதியது: "தவறு எங்களுடையது. இனி தாள்களுக்கு அயன் போடுவதில்லை. சாய்வு வெளிச்சப் படமும் இடுகிறோம்."

அந்த ஒரு புள்ளியால் எவ்வளவு நட்டம் என்பதில் அறிஞர்களே இரண்டுபட்டிருக்கிறார்கள். பால் ரெஸ்னிக், ரிச்சர்ட் செக்காவ்சர் முதலியோர் 2006-இல் வெளியிட்ட சோதனையில் பழைய அஞ்சலட்டைகளை, நல்ல பெயர் பெற்ற ஒரு கணக்கிலும் புதிய கணக்குகளிலும் ஈபேயில் விற்றுப் பார்த்தார்கள். பெயர் பெற்ற கணக்குக்கு வாங்குபவர்கள் 8.1 விழுக்காடு கூடுதலாகக் கொடுக்கத் தயாராக இருந்தார்கள். ஆனால் புதிய கணக்கில் ஒன்றிரண்டு எதிர்மறைப் பின்னூட்டம் இருந்தும் விலை குறிப்பிடும்படி மாறவில்லை. லூயிஸ் கப்ரால், அலி ஹொர்டாச்சு ஆகிய இருவரும் 2010-இல் வெளியிட்ட ஆய்வோ வேறுவிதமாகச் சொல்கிறது: வாரத்துக்கு 5 விழுக்காடு வளர்ந்துகொண்டிருந்த விற்பனை, முதல் எதிர்மறை விழுந்ததும் 8 விழுக்காடு வீதம் சரிந்தது, அதற்குப் பின் வரும் எதிர்மறைகள் முன்னதைவிட விரைவாக வந்தன. இரண்டும் முரண்படுவதாக எனக்குத் தோன்றவில்லை. முதல் புள்ளி விழுந்ததும் விற்பவரே மனம் தளர்ந்து, பொட்டலத்தை ஏனோதானோ என்று கட்டத் தொடங்குகிறார் என்பது என் ஊகம். எங்கள் வீட்டிலேயே அதைப் பார்த்தேன். இரண்டு வாரம் அவர் புதிதாக ஒரு பொருளையும் ஏலத்தில் போடவில்லை, வந்த கேள்விகளுக்கும் ஒற்றைச் சொல்லில் பதில் போட்டார். வாங்குபவர்கள் எங்களை விட்டுப் போகவில்லை, நாங்கள்தான் கடையை அரைக்கதவாகச் சாத்தினோம்.

கணக்கும் சிறு வியாபாரிக்குச் சாதகமாக இல்லை. எங்களிடம் அப்போது 60 நல்ல பின்னூட்டம் இருந்தது. ஒன்று கெட்டதும் 100 விழுக்காடு 98.4 ஆயிற்று. ஆயிரம் பெற்றவருக்கு அதே ஒன்று 99.9. இதற்கு மருந்து அழுவதல்ல, அடுத்த நாற்பது விற்பனையை ஒழுங்காகச் செய்வது.

அதே ஆண்டில் வந்த மற்ற மூவரைப் பற்றியும் சொல்லி வைக்கிறேன். அவர்கள் வேறு வகை. ஒருவர் ஒரு தபால்தலைத் தொகுப்பை ஏலம் எடுத்துவிட்டுப் பணம் கட்டவே இல்லை. அதற்காகச் சண்டை போடுவது வீண். நான்கு நாள் பொறுத்து, பணம் கட்டாதவர் என்று பதிவு செய்து, விற்பனையை ரத்து செய்து, அவர் பெயரைத் தடைப் பட்டியலில் சேர்த்தோம். இரண்டாவதாகக் கேட்டவருக்கு அவர் கேட்ட விலைக்கே தர முன்வந்தபோது, முதலில் எடுத்தவர் விலையை ஏற்ற நீங்களே வைத்த ஆளோ என்று அவர் சந்தேகப்பட்டார். சந்தேகம் நியாயமானதே என்பதால் வற்புறுத்தாமல் மறு ஏலத்தில் விட்டோம். இன்னொருவர், சுங்க விவரத் தாளில் பரிசு என்று எழுதி விலையைக் குறைத்துப் போடுங்கள் என்றார். அது பொய்க் கையெழுத்து, மறுத்துவிட்டேன். கிராணி கையெழுத்தை வைத்துத்தான் காலம் தள்ளினான்.

மூன்றாமவர்தான் உண்மையிலேயே கடினமானவர். எனாமல் பூசிய மூன்றடுக்குத் தூக்கு ஒன்றை வாங்கினார். அடி அடுக்கில் காசளவு எனாமல் உதிர்ந்திருப்பதை இரண்டு படத்தில் காட்டி, அளவையும் எழுதியிருந்தோம். சேர்ந்த அன்று மாலையே புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) செய்தி வந்தது: விலையில் முப்பது விழுக்காட்டைத் திருப்பாவிட்டால் எதிர்மறை எழுதுவேன். பொட்டலத்தின்மேல் எழுதியிருந்த தொலைபேசி எண்ணைப் பார்த்து அனுப்பியிருக்கிறார். அக்கா மகன் அதிலேயே பதில் போடப் பார்த்தார். நான் தடுத்தேன். புலனத்தில் பேசியது தளத்துக்குத் தெரியாது, தெரியாததை அது நம்பவும் செய்யாது. தளத்தின் மடல் பெட்டியில், "தொலைபேசியில் நீங்கள் எழுப்பிய குறையை இங்கே எழுதினால் கவனிக்கிறோம், முழுப் பணத்துக்குத் திருப்பி அனுப்பவும் செய்யலாம்" என்று மட்டும் எழுதினோம். அவர் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். அதே மிரட்டலை அங்கேயே திரும்ப எழுதினார். பின்னூட்டத்தைக் காட்டிப் பணம் பறிப்பது அங்கேயும் விதிமீறல் ஆதலால், அவர் எழுதிய எதிர்மறை ஒரு வாரத்தில் நீக்கப்பட்டது. தொடர்பு விவரத்தை மறைக்கச் சட்டம் விடாது, ஆனால் எந்த வாசலில் பேசுவது என்பதை நாம் தீர்மானிக்கலாம்.

வாழைமரத் தாள் நிகழ்வுக்குப் பிறகு விவரணை எழுதும் முறை மாறியது. தரத்தின் பெயரை நான் எழுதுவதில்லை. எத்தனை மடிப்பு, எங்கே, எந்த ஓரத்தில் எத்தனை மில்லிமீட்டர் கிழிசல் என்று எழுதி, முன்னும் பின்னும் நேர் வெளிச்சத்தில் இரண்டு, சாய்வு வெளிச்சத்தில் இரண்டு என நான்கு படம் போடுகிறோம். தரத்தை வாங்குபவரே முடிவு செய்துகொள்ளட்டும். கதை இரண்டு வரிக்கு மேல் போவதில்லை, அதுவும் கடைசியில்தான். குறைகளை முதல் வரியிலேயே எழுதினால் கேட்பவர்கள் குறைவார்கள் என்று அக்கா மகன் வாதாடினார். குறைந்தார்கள், உண்மைதான். குறைந்தவர்கள் பின்னால் சண்டைக்கு வரக்கூடியவர்கள் என்று நான் சொன்னேன். இதில் இன்னும் எங்களுக்குள் ஒத்த கருத்து இல்லை.

திரும்பி வந்த தாளை அக்டோபரில் மறுபடி ஏலத்தில் விட்டோம். முதல் வரி: "மடிப்புகளை மறைக்க அயன் போடப்பட்ட தாள்." இரண்டு பேர் கேள்வி அனுப்பினார்கள். ஒருவர் தண்ணீர் தெளித்துத் தேய்த்தீர்களா என்று கேட்டார். இல்லை, உலர்ந்த துணிதான் என்று உள்ளபடி எழுதினோம். 92 ரிங்கிட்டுக்குப் போயிற்று. ஈபேயின் தொடக்கக் காலத் தரவை வைத்து ரெஸ்னிக்கும் செக்காவ்சரும் கணக்கிட்டதில் வாங்குபவர்களில் பாதிப்பேர்தான் பின்னூட்டம் எழுதினார்கள். எங்கள் தாளை எடுத்தவர் மற்ற பாதியைச் சேர்ந்தவர் போலும். இன்றுவரை ஒன்றும் எழுதவில்லை.